புறக்கோட்டைக் கடலை ஊறும் விதம்: பயறு வகைக் கடை ஒன்றின் மதிப்பீடு

கடலையும் பயறும் விற்கும் கடையொன்றின் தரத்தைக் கடைக்குள் நின்றுகொண்டு அறிய முடியாது. மணிகள் ஒரே அளவாக இருக்கலாம், நிறம் பளிச்சென்று இருக்கலாம், விலையும் நியாயமாகத் தோன்றலாம். ஆனால் அவை எவ்வளவு காலம் சாக்கில் கிடந்தவை என்பது வீட்டுக்குக் கொண்டுவந்து தண்ணீரில் போட்ட பிறகே தெரியவரும். ஆகவே கொழும்பு, புறக்கோட்டை நான்காம் குறுக்குத் தெருவில் உள்ள ஒரு மொத்த விற்பனைக் கடையைப் பற்றிய இந்த மதிப்பீட்டை, அங்கு வாங்கியவை ஊறிய விதத்தை வைத்தே எழுதுகிறேன். தமக்குச் சில்லறை வியாபாரம் பெரிதல்ல என்றும் பெயர் போட வேண்டாம் என்றும் உரிமையாளர் கேட்டுக்கொண்டதால் கடையின் பெயரைத் தவிர்த்திருக்கிறேன். அந்தத் தெருவில் அதே மாதிரியான கடைகள் பல இருப்பதால், இங்கு சொல்லப்படுவதில் பெரும்பகுதி அவற்றுக்கும் பொருந்தும்.

கடை சிறியது. மூட்டை சுமக்கும் நாட்டாமிகளின் கைவண்டிகளுக்கும் லொறிகளுக்கும் இடையே புகுந்து உள்ளே போனால், வாய் சுருட்டி மடிக்கப்பட்ட சாக்குகள் இரண்டு வரிசையாக நிற்கும். மைசூர் பருப்பு, கடலைப்பருப்பு, சிறிய மண்ணிறக் கடலை, பெரிய வெள்ளைக் கடலை, பயறு, வெள்ளையும் சிவப்புமாகக் கௌபி, தோலுடன் உழுந்து, கொள்ளு, சோயா அவரை, சிவப்பு அவரை என்று அனைத்தும் உண்டு. மொத்த வியாபாரக் கடைதான் என்றாலும், அரைக் கிலோ கேட்டாலும் முகம் சுளிக்காமல் நிறுத்துத் தருகிறார்கள். ஆனால் இந்தக் கடையை நான் மதிப்பதற்குக் காரணம் இவை எதுவும் அல்ல. கடலை என்று கேட்டவுடன் நிறுப்பவர் கரண்டியைச் சாக்கில் போடாமல் நிமிர்ந்து பார்த்து, “என்னத்துக்கு அக்கா, சுண்டலுக்கோ அரைக்கவோ?” என்று கேட்கிறார். சுண்டலுக்கு என்றால் ஒரு சாக்கிலிருந்தும், அரைப்பதற்கு என்றால் பின்னால் உள்ள, கிலோவுக்குச் சற்று விலை குறைந்த இன்னொரு சாக்கிலிருந்தும் அள்ளுகிறார். முன்னது அண்மையில் வந்தது, பின்னது பழையது. பழையதைப் பழையது என்று சொல்லி விற்கும் கடையைக் கொழும்பில் கண்டுபிடிப்பது எளிதல்ல.

இந்த வேறுபாடு வெறும் வியாபாரப் பேச்சு அல்ல என்பதற்கு நல்ல காரணம் இருக்கிறது. உலர்ந்த பயறு வகைகள் கெடாது என்ற நம்பிக்கை நம் வீடுகளில் ஆழமாக ஊறிப்போயிருக்கிறது. அவை அழுகுவதில்லை என்பது சரி. ஆனால் சூடும் ஈரப்பதனும் மிகுந்த இடத்தில் மாதக் கணக்கில் கிடந்தால் மெல்ல மெல்ல வேகும் தன்மையை இழக்கின்றன. மணிக்குள் உள்ள பைற்றிக் அமிலச் சேர்மங்கள் சிதையும்போது, அவை பிடித்துவைத்திருந்த கல்சியமும் மக்னீசியமும் விடுபட்டு, உயிரணுக்களுக்கு இடையே பசையாக நிற்கும் பெக்ரினுடன் இணைந்துவிடுகின்றன. பிறகு எத்தனை மணி நேரம் கொதிக்கவைத்தாலும் அந்தப் பசை இளகாது. மணி தண்ணீரை நன்றாகக் குடித்துப் பருத்திருந்தும் பல்லுக்கு மணலாகவே படும். இதற்கு வேறான குறை ஒன்றும் உண்டு. சில மணிகளின் தோல் நீரையே உள்ளே விடாது. இரவு முழுவதும் தண்ணீரில் கிடந்தாலும் போட்டபடியே சிறிதாக, கடினமாக அடியில் கிடக்கும். முதலாவது குறைக்குக் களஞ்சியம் பொறுப்பு, இரண்டாவது பெரும்பாலும் பயிரோடும் உலர்த்திய விதத்தோடும் வருவது. கடற்காற்றும் புழுக்கமும் நிறைந்த கொழும்பு, பயறு வகைகளைச் சேமித்துவைக்க ஏற்ற நகரம் அல்ல. ஆகவே எப்போது வந்த சாக்கு என்பது இங்கு விலையைவிட முக்கியமான கேள்வி.

புதிய சாக்கின் கடலையையும், ஒரு பேரங்காடியில் வாங்கிய பொதிக் கடலையையும் ஒரே அளவில் நிறுத்து, ஒரே தண்ணீரில், ஒரே மேசையில் ஊறவைத்துப் பார்த்தேன். நல்ல கடலை தன் எடைக்கு ஏறத்தாழச் சமமான தண்ணீரைக் குடிக்கும். 100 கிராம் போட்டால் 200 கிராமுக்கு அண்மையாக வர வேண்டும். இரண்டும் அந்த அளவை எட்டின. ஆனால் எட்டிய விதம் வேறு. புறக்கோட்டைக் கடலை எல்லாம் ஒன்றாகப் பருத்தது. பொதிக் கடலையில் சில மணிகள் பாதி வழியிலேயே நின்றன. சில தோல் கழன்று மிதந்தன. ஜப்பானில் தோஃபு செய்பவர்கள் ஊறிய சோயா அவரையை இரண்டாகப் பிளந்து, உட்பக்கம் நடுவில் குழி இல்லாமல் தட்டையாகவும் ஒரே நிறமாகவும் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். குழி இருந்தால் இன்னும் ஊற வேண்டும் என்று பொருள். அந்தச் சோதனையைக் கடலைக்கும் செய்யலாம். நகத்தால் பிளந்தபோது புறக்கோட்டைக் கடலையின் பருப்பு விளிம்பிலிருந்து நடுவரை ஒரே வெளிர்மஞ்சளாக இருந்தது. பொதிக் கடலையில் நடுவே வெண்மையான, மாவு போன்ற ஒரு புள்ளி எஞ்சியிருந்தது. பொதியின் மேல் திகதி இருந்தது, ஆனால் அது பொதி செய்த திகதி. அறுவடைக்கும் அதற்கும் இடையில் கழிந்த காலத்தைப் பற்றி அது எதுவும் சொல்லவில்லை.

வேகவைத்த பின்னர் வேறுபாடு இன்னும் தெளிவாகத் தெரிந்தது. புறக்கோட்டைக் கடலை சாதாரண பானையில் அடங்கிய தீயில் உடையாமல் மெத்தென்று வெந்தது. தேங்காய்ச் சொட்டும் செத்தல் மிளகாயும் கடுகும் தாளித்துக் கொட்டியபோது ஒவ்வொரு மணியும் தனித்தனியாக நின்றது. பழைய சாக்கின் கடலையைக் கறிக்கு வேகவைத்தால் சிட்டிகை அப்பச்சோடா இல்லாமல் அது வழிக்கு வருவதில்லை. சோடா சற்றுக் கூடினால் சவர்க்கார வாடையும், மேல்தோல் கரைந்த களியுமே மிஞ்சும். தயமின் என்ற உயிர்ச்சத்தும் அழியும். நல்ல சரக்குக்குச் சோடா தேவையில்லை, ஊறவைக்கும் தண்ணீரில் ஒரு தேக்கரண்டி உப்பே போதும். உப்புப் போட்டால் கடலை வேகாது என்று நம் வீடுகளில் சொல்வார்கள்; உண்மையில் உப்பில் உள்ள சோடியம் தோலின் கல்சியத்தை இடம்பெயர்த்து அதை மென்மையாக்குகிறது. வேகவிடாமல் தடுப்பது புளிதான். பழப்புளி, தக்காளி, கொறுக்காய் ஆகிய எதையும் மணி மெத்தென்று ஆன பிறகே சேர்க்க வேண்டும்.

எவ்வளவு நேரம் ஊறவைப்பது என்று கேட்டால் நிறுப்பவர், “இரவு போட்டுவிட்டுக் காலையில் எடுங்கோ” என்கிறார். சமையல் குறிப்புகளும் எட்டு முதல் பன்னிரண்டு மணி நேரம் என்றே எழுதுகின்றன. அந்தக் கணக்கு குளிர்ந்த சமையலறைகளுக்கு உரியது. வெப்பம் கூடக் கூட மணி தண்ணீரை வேகமாகக் குடிக்கும். கொழும்பு வீட்டில் ஆறு மணி நேரத்துக்குள் கடலை அநேகமாகக் குடித்து முடித்துவிடுகிறது. அதற்கு மேல் மேசையில் விட்டால் தண்ணீரில் நுரை கட்டி, புளித்த வாடை கிளம்பும். இரவு முழுவதும் விட வேண்டியிருந்தால் குளிர்சாதனப் பெட்டிக்குள் வைப்பது நல்லது. அவசரமானால் அமெரிக்கர்கள் செய்வதுபோல் இரண்டு நிமிடம் கொதிக்கவைத்து, அடுப்பை அணைத்து, ஒரு மணி நேரம் மூடிவைக்கலாம்.

தண்ணீரும் கணக்கில் வர வேண்டும். யாழ்ப்பாணக் குடாநாட்டின் கிணற்று நீர் சுண்ணாம்புக் கற்பாறையிலிருந்து வருவது. கல்சியம் மிகுந்த கடின நீர். கொழும்புக் குழாய்களில் வருவது களனி கங்கையினதும் களட்டுவாவ, லபுகம நீர்த்தேக்கங்களினதும் மென்மையான நீர். ஒரே கடலையை இரண்டு இடங்களிலும் ஊறவைத்து வேகவைத்தால் கொழும்பில் முந்தி வேகும். யாழ்ப்பாணத்துக்கு மூட்டை கட்டி அனுப்புகிறவர்கள் இதை மனத்தில் வைத்துப் புதிய சரக்கையே கேட்டு வாங்க வேண்டும்.

இதற்கு மேல், எதை ஊறவைப்பது, எதை விடுவது என்பது ஊருக்கு ஊர் மாறுகிறது. அந்த மாற்றங்களுக்குப் பின்னால் பெரும்பாலும் மணியின் வயதும் சமைக்கும் பாத்திரமும் நிற்கின்றன. மெக்சிக்கோவின் பல வீடுகளில் அவரையை ஊறவைக்காமலே மண்பானையில் வெங்காயத்துடன் மெதுவாக வேகவிடுவார்கள்; அங்கு அவரைக்குச் சமமாக அதன் குழம்புக்கும் மதிப்பு உண்டு, ஊறிய தண்ணீரைக் கொட்டினால் நிறமும் சுவையும் அதனோடு போய்விடும். ஊரில் விளைந்த புதிய அவரை கையில் இருப்பவர்களுக்கு இது சரியான முறை. ஸ்பானியர்கள் கடலையை இரவு முழுவதும் உப்பிட்ட வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்து, கொதிக்கும் நீரிலேயே போடுவார்கள். அஸ்தூரியாசின் பெரிய வெள்ளை அவரைக்கோ, கொதிக்கும்போது இடையிடையே குளிர்ந்த நீர் ஊற்றி அதைப் “பயமுறுத்துவார்கள்”. ஜப்பானியர்கள் சிவப்பு அட்சுகி அவரையைப் பெரும்பாலும் ஊறவைப்பதில்லை. ஒருமுறை கொதிக்கவிட்டு, துவர்ப்புக் கலந்த அந்த முதல் நீரைக் கொட்டிவிடுவார்கள். ஆனால் புத்தாண்டுக்கான கறுப்புச் சோயாவை, அதன் கருமை மங்காதிருக்க இரும்பு ஆணி போட்ட பாகில் இரவு முழுவதும் ஊறவைப்பவர்களும் அவர்களே. எகிப்தின் ஃபூல் என்ற அவரைக் களியோ ஒடுங்கிய கழுத்துள்ள பானையில் இரவு முழுவதும் தணலில் கிடந்து வேகும்.

நம் சமையலறைக்கு மிக நெருக்கமானது ஃபலாஃபல். கொழும்பில் இப்போது அதை விற்கும் உணவகங்கள் பல வந்துவிட்டன. சிரியா, லெபனான் பக்கம் கடலையிலும், எகிப்தில் தோல் நீக்கிய ஃபாவா அவரையிலும் செய்யும் அந்த உருண்டைக்கு, மணியை ஊறவைப்பார்களே தவிர வேகவைப்பதில்லை. ஊறிய பச்சைக் கடலையை அரைத்து நேரே எண்ணெய்க்குள் விடுகிறார்கள். நம்முடைய கடலைப்பருப்பு வடை எந்த விதியில் நிற்கிறதோ அதே விதிதான் அங்கும்: மாச்சத்து எண்ணெயின் சூட்டில்தான் முதல்முறையாக இளகி இறுக வேண்டும். டின்னில் வரும் வெந்த கடலையில் அது முன்பே இளகிவிட்டதால் உருண்டை எண்ணெயில் பிரிந்து சிதறும். டின் கடலையைப் பற்றி இதற்கு மேல் சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. அரைப்பதற்குப் பழைய சாக்கு போதும் என்று இந்தக் கடைக்காரர் சொல்வதும் இதனால்தான் பொருந்துகிறது. வேகும் வேலையை இயந்திரத்தின் கத்தியும் எண்ணெயும் பங்கிட்டுக்கொள்கின்றன. ஃபலாஃபலுக்கு அந்தப் பழைய வெள்ளைக் கடலையைச் சற்றுக் கூடுதல் நேரம் ஊறவைத்து அரைத்தேன். குறை சொல்ல ஏதும் இல்லை.

உழுந்துக்கு இந்தக் கடையில் தனி மதிப்பு இருக்கிறது. 2020இல் இறக்குமதிக் கட்டுப்பாடுகள் வந்த பிறகு உழுந்து, பயறு, கௌபி ஆகியவற்றின் விலை ஏறிய காலம் எல்லோருக்கும் நினைவிருக்கும். தோசைக்கு உழுந்தைக் குறைத்து அரிசியைக் கூட்டாத வீடு அப்போது இருந்திருக்காது. இங்கு வவுனியா உழுந்து தோலுடன் கிடைக்கிறது. சில மணி நேரம் ஊறிய பிறகு உள்ளங்கைகளுக்கு இடையில் வைத்துத் தேய்த்தால் கறுப்புத் தோல் சுருண்டு மேலே மிதக்கும். பாத்திரத்தைச் சாய்த்துத் தோலை வடித்து, மீண்டும் தண்ணீர் விட்டு, மீண்டும் தேய்க்க வேண்டும். நைஜீரியாவில் அக்கரா என்ற பொரியலுக்குக் கௌபியின் தோலை நீக்குவதும் இதே தேய்ப்பு, இதே சாய்ப்புத்தான். அது அடிமைகளாகக் கொண்டுபோகப்பட்டவர்களோடு பிரேசிலின் பாஹியாவுக்குப் போய் அக்கராஜே என்ற பெயரில் இன்றும் தெருவில் பொரிகிறது. இந்த உழுந்தின் தோல் எளிதில் கழன்றது. வடைக்கு என்றால் இதை நெடுநேரம் ஊறவிடக் கூடாது. மாவு நீர்த்து, வடை எண்ணெய் குடிக்கும்.

இனிக் குறைகள். முதலாவது, பயறு. இந்தக் கடையின் பயற்றில் கல்லுப் பயறு, அதாவது நீரே குடிக்காத மணிகள், ஏற்றுக்கொள்ளக்கூடிய அளவைவிட அதிகம். புதியதும் பழையதும் ஒரே சாக்கில் கலந்திருப்பதும் தெரிகிறது, ஏனென்றால் ஒரு பகுதி முளைவிடும் வேளையில் இன்னொரு பகுதி இன்னும் ஊறிக்கொண்டிருக்கிறது. கடலையில் காட்டும் கவனத்தைப் பயற்றில் காட்டுவதில்லை என்பதே என் முடிவு. அங்கு பயறு வாங்கினால் ஊறவைக்காமல் சமைக்க வேண்டாம். ஊறிய பின் அடியில் சிறிதாகக் கிடப்பவற்றைப் பொறுக்கி எறியாவிட்டால் பாற்சோற்றில் பல் உடையும். கொள்ளில் சிறு கற்கள் உண்டு, சுளகில் புடைத்தே ஆக வேண்டும்.

இரண்டாவது குறையைச் சற்று அழுத்திச் சொல்ல வேண்டும். சிவப்பு அவரை வாங்கியபோது, “ஊறவைக்கத் தேவையில்லை, அப்படியே குக்கரில் போடுங்கோ” என்று சொன்னார்கள். அழுத்தக் குக்கருக்கு மட்டும் அந்த அறிவுரை ஆபத்தில்லாதது, ஏனெனில் அதற்குள் வெப்பம் 120 பாகை செல்சியசை நெருங்குகிறது. ஆனால் சிவப்பு அவரையில் பைற்றோஹீமக்ளூற்றினின் என்ற நச்சுப் புரதம் மற்ற அவரைகளைவிட அதிகம். பச்சையாக நான்கைந்து மணிகள் உள்ளே போனாலே சில மணி நேரத்தில் கடும் வாந்தியும் வயிற்றோட்டமும் வரும். குறைந்தது ஐந்து மணி நேரம் ஊறவைத்து, அந்த நீரைக் கொட்டிவிட்டு, புதிய நீரில் அரை மணி நேரம் நன்றாகக் கொதிக்கவிட வேண்டும் என்பது அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகத்தின் அறிவுரை. இப்போது பல வீடுகளில் இருக்கும், மெதுவாகச் சமைக்கும் மின்சாரப் பாத்திரம் அந்தக் கொதிநிலையை எட்டாமலே நிற்கக்கூடும்; அரைகுறை வெப்பத்தில் வெந்த அவரை, பச்சை அவரையைவிடவும் மோசமாகலாம். சுண்டலுக்கோ அரைக்கவோ என்று கேட்கத் தெரிந்த கடைக்கு, எந்தப் பாத்திரத்தில் சமைக்கப் போகிறீர்கள் என்று கேட்பது கடினமான காரியம் அல்ல.

மைசூர் பருப்பைப் பற்றிச் சுருக்கமாக. தோல் நீக்கி உடைத்த பருப்புக்கு ஊறல் தேவையில்லை. தெளிவாகும்வரை கழுவினால் போதும். இங்கு அது சுத்தமாக இருக்கிறது, ஆனால் எந்தக் கடையிலும் அப்படித்தான் இருக்கிறது, அதற்காகப் புறக்கோட்டைவரை போக வேண்டியதில்லை.

விலை நாளுக்கு நாள் மாறுவதால் எண்களைத் தரவில்லை. நான் ஒப்பிட்டபோது கடலையும் உழுந்தும் பேரங்காடிப் பொதியைவிடக் குறைவு, பயறு ஏறத்தாழச் சமம். கடலையில் இன்னொரு சேமிப்பும் உண்டு: நன்றாக ஊறும் கடலை அடுப்பில் நிற்கும் நேரம் ஊறாததன் பாதிக்கும் குறைவு. 2022இல் எரிவாயு சிலிண்டருக்கு வரிசையில் நின்றவர்களுக்கு அதன் அருமையைச் சொல்லத் தேவையில்லை. மூடையாக வாங்கி ஆண்டு முழுவதும் வைத்திருந்தால் அந்தச் சேமிப்பு முழுவதும் போய்விடும். கடைக்காரர் பழையது என்று ஒதுக்கிய சாக்கை நாமே வீட்டில் உருவாக்கிக்கொள்வோம். ஒரு மாதத்துக்குத் தேவையானதை மட்டும் வாங்கி, காற்றுப் புகாத போத்தலில், அடுப்புக்குத் தள்ளி வைக்க வேண்டும்.

கடலை, வெள்ளைக் கடலை, உழுந்து, கௌபி ஆகியவற்றுக்கு இந்தக் கடையைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். பயற்றுக்கும் கொள்ளுக்கும் பரிந்துரைக்க மாட்டேன். ஞாயிற்றுக்கிழமையும் போயா தினமும் பூட்டு. லொறிகள் சரக்கு இறக்கும் காலை வேளையில் போனால் நிற்க இடம் கிடைக்காது, நிறுப்பவருக்குப் பேச நேரமும் இருக்காது. நடுப்பகல் கடந்து, கையில் துணிப்பையோடு போவது வசதி.